வோல்ட்டைக் கூட்டினால் நிறம் நகருமா? திரவப் படிகம் நிரப்பிய ஒளிப்படிகங்கள் பற்றி ஒரு விளக்கம்

ஒளிக்கணினி, ஒளிச்சில்லு, நிறம் மாறும் கண்ணாடி என்று வரும் அறிவியல் செய்திகளில் 'மாற்றியமைக்கக்கூடிய ஒளிப்படிகம்' என்ற தொடர் அடிக்கடி தட்டுப்படுகிறது. அதனுள் திரவப் படிகத்தை நிரப்பியிருக்கிறார்கள் என்றும் கூடவே ஒரு வரி இருக்கும். படித்து முடிக்கும்போது, ஒரு பேட்டரியை மாட்டினால் போதும், சிவப்பு பச்சையாகும், பச்சை நீலமாகும் என்ற எண்ணம்தான் மிஞ்சுகிறது. ஆய்வகத்தில் பெரும்பாலும் நடப்பது அவ்வளவு பெரிய மாற்றம் கிடையாது. தடுக்கப்படும் நிறத்தின் அலைநீளம் 10, 20 நானோமீட்டர் நகரும், அவ்வளவுதான். அந்த நகர்வு ஏன் அவ்வளவு சிறியது, அதை மீறிய வழிகள் எவை என்று பார்த்தால் இந்தத் துறையின் கதை முழுக்கப் புரிந்துவிடும்.

ஒளியை எது தடுக்கிறது?

ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு மெதுவாகிறது என்பதைக் காட்டுவது ஒளிவிலகல் எண். இந்த எண் வேறுபடும் இரண்டு பொருள்களை மெல்லிய அடுக்குகளாக மாறி மாறி அடுக்குவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் எல்லையிலும் ஒளியில் கொஞ்சம் திரும்பி வரும். அடுக்கின் இடைவெளி சரியாக அமைந்துவிட்டால், ஒரு குறிப்பிட்ட அலைநீளத்துக்கு மட்டும் இந்தத் திரும்பிய அலைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போய்ப் பெரிதாகும். அந்த நிறம் உள்ளே போக முடியாமல் முழுக்கப் பிரதிபலிக்கும். மற்ற நிறங்கள் தம் பாட்டுக்குப் போய்விடும். இப்படி அடுக்கிய அமைப்புதான் ஒளிப்படிகம். நேராக விழும் ஒளிக்குக் கணக்கு எளிது: தடைபடும் அலைநீளம் = 2 × சராசரி ஒளிவிலகல் எண் × அடுக்கு இடைவெளி. இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு சூத்திரம் போதும்.

மயிலிறகின் நீலமும் பச்சையும் இப்படி வருபவைதான். அங்கே மெலனின் குச்சிகள் வரிசையாக நின்று நிறத்தை உண்டாக்குகின்றன. ஓப்பல் கல்லும் அப்படியே. திருச்சியில் பிறந்த சி. வி. ராமன், அ. ஜெயராமனோடு சேர்ந்து 1953இல் ஓப்பலின் வண்ண ஜாலத்துக்குக் காரணம் தேடி ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஆனால் கல்லுக்குள் ஒரே அளவான சிலிக்கா உருண்டைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பது 1964இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அடுக்குகள் ஒரே திசையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை ராலே பிரபு 1887இலேயே எழுதிவிட்டார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1987இல், எலி யாப்லோனோவிச், சஜீவ் ஜான் ஆகிய இருவரும் தனித்தனியாக அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். இந்த அமைப்பை முப்பரிமாணத்திலும் செய்தால், எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஒரு நிறம் உள்ளே நுழையவே முடியாதபடி செய்யலாமா? லேசருக்குள் வீணாகும் ஒளி உமிழ்வை நிறுத்த வேண்டும் என்பது யாப்லோனோவிச்சின் நோக்கம். கேரளத்தில் பிறந்த சஜீவ் ஜானுக்கு ஒளியை ஓரிடத்தில் சிறைபிடிக்க வேண்டும் என்ற ஆசை. 1991இல் யாப்லோனோவிச் குழு ஒரு மின்கடத்தாப் பொருளில் மூன்று சாய்வுகளில் துளைகளைக் குடைந்து, மைக்ரோ அலைகளுக்கு அப்படி ஒரு படிகத்தைச் செய்தே காட்டியது. மைக்ரோ அலைக்குத் துளைகள் மில்லிமீட்டர் அளவில் இருந்தால் போதும். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அதே வேலையைச் சில நூறு நானோமீட்டரில் செய்ய வேண்டும். சிரமமெல்லாம் அங்கேதான்.

செய்திகள் குழப்பும் இடம் ஒன்று உண்டு. அதற்கு இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும்:

1. தடைப்பட்டை: ஒரு குறிப்பிட்ட திசையில் வரும் ஒளியில் மட்டும் தடுக்கப்படும் அலைநீளங்களின் தொகுப்பு. ஓப்பலில் இருப்பது இதுதான். கல்லைச் சாய்த்தால் நிறம் மாறுவது இதனால்தான்.
2. முழுப் பட்டை இடைவெளி: எந்தத் திசையிலும், எந்தத் தளவிளைவிலும் (ஒளி அலை எந்த வாக்கில் அதிர்ந்தாலும்) நுழைய முடியாத அலைநீளங்களின் தொகுப்பு. இது அமைய இரண்டு பொருள்களின் ஒளிவிலகல் எண்களுக்கு இடையே பெரிய வித்தியாசம் வேண்டும். ஓப்பல் அச்சில் வார்த்த அமைப்புகளில் ஒன்று மற்றதைப்போல் ஏறக்குறைய 2.8 மடங்காவது இருக்க வேண்டும். சிலிக்காவின் எண் 1.45 என்பதால் அது கணக்கிலேயே வராது. சிலிக்கான் சுமார் 3.5 என்பதால் தேறும்.

'மாற்றியமைக்கக்கூடிய பட்டை இடைவெளி' என்று தலைப்பில் போட்டுவிட்டு உள்ளே தடைப்பட்டையைப் பற்றி மட்டும் எழுதியிருக்கும் செய்திகள் ஏராளம்.

திரவப் படிகம் ஏன் உள்ளே வருகிறது?

1888இல் பிராக் நகரில் தாவரவியலாளர் ஃபிரீட்ரிக் ரெய்னிட்சர், கொலஸ்ட்ராலிலிருந்து செய்த ஒரு சேர்மத்தைச் சூடாக்கினார். 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலான திரவமானது. 178.5 டிகிரியில் மறுபடி 'உருகி'த் தெளிந்தது. நடுவில் இருந்த அந்தக் கலங்கல்தான் திரவப் படிகம். திரவம் போல ஓடும், ஆனால் படிகம் போல ஒழுங்கும் இருக்கும். இதன் மிக எளிய வகையில் குச்சி வடிவ மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருக்கும். இந்த வகைக்கு நெமாட்டிக் என்று பெயர்.

மூலக்கூறுகள் ஒரு பக்கம் படுத்திருப்பதால் ஒளிக்கு அங்கே இரண்டு ஒளிவிலகல் எண்கள். 1973இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே குழு அறிமுகப்படுத்திய 5சிபி என்ற சேர்மத்தை எடுத்துக்கொள்வோம். கால்குலேட்டர், கைக்கடிகாரத் திரைகள் பெருக வழிசெய்த குடும்பம் இது. ஒளியின் மின்புலம் குச்சிக்குக் குறுக்கே அதிர்ந்தால் இதன் எண் சுமார் 1.53. குச்சியின் நீளவாக்கில் அதிர்ந்தால் சுமார் 1.71. ஒரு வோல்ட் அளவில் மின்னழுத்தம் கொடுத்தாலே குச்சிகள் திரும்பத் தொடங்கும். ஒரு பொருளின் ஒளிவிலகல் எண்ணை இவ்வளவு மலிவாக மாற்ற வேறு வழி கிடைப்பது அரிது.

மின்சாரம் தவிர வெப்பமும் ஒரு கைப்பிடி. 5சிபி சுமார் 35 டிகிரியில் சாதாரணத் திரவமாகிவிடும், இரண்டு எண்களும் சேர்ந்து 1.59 அளவில் ஒன்றாகும். நம் ஊர் மே மாதத்தில் ஜன்னலோரம் வைத்தாலே இது நடந்துவிடும். அதனால் நடைமுறையில் 60 டிகிரி வரை தாங்கும் இ7 போன்ற கலவைகளைப் பயன்படுத்துகிறார்கள். ஒளி பட்டால் வளையும் அசோபென்சீன் சாயங்களைக் கலந்து ஒளியாலேயே ஒளியைத் திருப்புவது மூன்றாவது வழி.

1999: திருமணம்

கர்ட் புஷ், சஜீவ் ஜான் இருவரும் 1999இல் ஒரு கோட்பாட்டுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஓப்பலை அச்சாக வைத்து இடுக்குகளில் சிலிக்கானை நிரப்பி, பிறகு உருண்டைகளைக் கரைத்துவிட்டால் காற்றுக் குமிழிகள் நிறைந்த சிலிக்கான் சட்டகம் கிடைக்கும். இதற்குத் தலைகீழ் ஓப்பல் என்று பெயர். அதன் குமிழிகளுக்குள் நெமாட்டிக்கை ஓரளவு மட்டும் ஏற்றி, மின்புலத்தால் திருப்பினால், முழுப் பட்டை இடைவெளியையே திறக்கவும் மூடவும் முடியும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். 'ஓரளவு' என்ற சொல் முக்கியம். முழுக்க நிரப்பினால் சிலிக்கானுக்கும் உள்ளே இருப்பதற்கும் எண் வித்தியாசம் குறைந்து, திறக்க வேண்டிய இடைவெளியே இல்லாமல் போய்விடும்.

அதே ஆண்டு ஒசாகா பல்கலைக்கழகத்தில் கட்சுமி யோஷினோ குழு செயற்கை ஓப்பலில் திரவப் படிகத்தை ஊற்றி, வெப்பநிலையை மாற்றும்போது தடைப்பட்டை நகர்வதைச் சோதனையில் காட்டியது. அடுத்த ஆண்டு, கண்ணுக்குத் தெரியாத 1.5 மைக்ரோமீட்டர் அலைநீளத்துக்கருகே முழு இடைவெளி கொண்ட சிலிக்கான் தலைகீழ் ஓப்பலும் செய்யப்பட்டது. தொலைத்தொடர்பு இழைகள் வேலை செய்யும் பகுதி அது என்பதால் அந்த நேரத்து உற்சாகத்தைப் புரிந்துகொள்ளலாம்.

சரி, நகர்வு எவ்வளவு என்று நாமே போட்டுப் பார்ப்போம். 250 நானோமீட்டர் விட்டமுள்ள சிலிக்கா உருண்டைகளால் ஆன ஓப்பல். அடுக்கு இடைவெளி 204 நானோமீட்டர். கன அளவில் 74 சதவீதம் உருண்டை, 26 சதவீதம் இடுக்கு.

1. இடுக்கில் காற்று மட்டும்: சராசரி எண் 1.35, தடைபடுவது 550 நானோமீட்டர். நல்ல பச்சை.
2. திரவப் படிகம் நிரப்பி, எண் 1.53 ஆக இருக்கும்படி வைத்தால்: 600 நானோமீட்டர், ஆரஞ்சு.
3. எல்லாக் குச்சிகளையும் திருப்பி 1.71 ஆக்கினால்: 621 நானோமீட்டர், கொஞ்சம் சிவந்த ஆரஞ்சு.

பச்சையிலிருந்து ஆரஞ்சுக்குப் போனது நிரப்பியதால்தான். மின்சாரத்தின் பங்கு 2க்கும் 3க்கும் இடைப்பட்ட 21 நானோமீட்டர். அதுவும், ஒரு குச்சிகூடப் பாக்கியில்லாமல் திரும்பினால் வரும் உச்ச எண். சிலிக்காவாலேயே தலைகீழ் ஓப்பல் செய்து 74 சதவீதத்தைத் திரவப் படிகத்துக்கு விட்டுக்கொடுத்தால் நகர்வு 55 நானோமீட்டருக்கு எட்டும். ஆனால் சிலிக்காவின் 1.45க்கும் திரவப் படிகத்தின் 1.53க்கும் அதிக வித்தியாசம் இல்லாததால் அந்த முனையில் பிரதிபலிப்பு வெளிறிப்போகும். இன்னும் உயர்ந்த எண்ணுள்ள சட்டகத்தைப் போட்டால் பிரதிபலிப்பு பலக்கும், ஆனால் சராசரியில் திரவப் படிகத்தின் பங்கு குறைந்து நகர்வு சுருங்கும். இந்த இழுபறிக்கு முடிவே கிடையாது.

சுவர்கள் விடுவதில்லை

மேலே போட்ட கணக்கு நிறைவேறாமல் போவதற்குப் பெரிய காரணம் ஒளியியலில் இல்லை, இடுக்குகளின் அளவில் இருக்கிறது. திரவப் படிக மூலக்கூறுகள் தாங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பெரிய பேருந்தில் நடுவில் நிற்பவரை எந்தப் பக்கமும் திருப்பலாம், கம்பியைப் பிடித்தவர் அசையமாட்டார். மினி பஸ்ஸில் எல்லோர் கையிலும் கம்பிதான்.

எண்ணில் சொன்னால்: தொலைக்காட்சித் திரையில் திரவப் படிக அடுக்கின் தடிமன் சில மைக்ரோமீட்டர். அங்கே குச்சிகள் திரும்பத் தொடங்க 5சிபிக்கு 0.8 வோல்ட் அளவு போதும். இந்தத் தொடக்க மின்னழுத்தம் அடுக்கின் தடிமனைப் பொறுத்து மாறாது. அதாவது, அறை சிறுக்கச் சிறுக்க ஒவ்வோர் அறைக்கும் அதே 0.8 வோல்ட் தேவை. நம் ஓப்பலின் பெரிய இடுக்கே 0.1 மைக்ரோமீட்டர்தான். மைக்ரோமீட்டருக்கு 8 வோல்ட் என்றாகிறது. 10 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள ஓப்பலுக்கு 80 வோல்ட், அதுவும் அசையத் தொடங்க மட்டும். முழுக்கத் திருப்ப இதைப்போல் பல மடங்கு ஏற்ற வேண்டும்.

போதாக்குறைக்கு, உருண்டைகளுக்கு இடையே உள்ள இடுக்கின் சுவர்கள் எல்லாத் திசையிலும் வளைந்திருக்கின்றன. ஓரிடத்தில் குச்சி மேலே பார்க்கும், பக்கத்தில் சாய்ந்து பார்க்கும். ஒளிக்குத் தெரிவது இவற்றின் சராசரி. மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே எண் 1.53க்குப் பதிலாக நடுவில் எங்கோ இருக்கும், எனவே நகர வேண்டிய தூரத்தில் ஒரு பகுதி தொடக்கத்திலேயே போய்விடுகிறது.

ஒரு நன்மை உண்டு. மின்சாரத்தை நிறுத்தியதும் குச்சிகள் பழைய நிலைக்குத் திரும்பும் நேரம் அறை அளவின் வர்க்கத்தைப் பொறுத்தது. 5 மைக்ரோமீட்டர் அடுக்கில் சுமார் 35 மில்லி வினாடி எடுக்கும் 5சிபி, 0.1 மைக்ரோமீட்டர் இடுக்கில் 2500 மடங்கு வேகமாக, 14 மைக்ரோ வினாடியில் திரும்பிவிடும் என்று கணக்கு சொல்கிறது. பிடிவாதமான சுவர்தான் வேகத்தையும் தருகிறது.

திரவப் படிகமே ஒளிப்படிகமானால்

சூத்திரத்துக்குத் திரும்பிப் போவோம். அலைநீளத்தை நகர்த்த இரண்டு வழி: எண்ணை மாற்றலாம், அல்லது இடைவெளியை மாற்றலாம். 1.53ஐ 1.71 ஆக்கினால் 12 சதவீதம் கூடுகிறது, அதற்கு மேல் போக வழியில்லை. இடைவெளிக்கு அப்படி ஒரு உச்சவரம்பு கிடையாது. பச்சோந்தி செய்வது இதைத்தான் என்று 2015இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன் தோலில் குவானின் நுண்படிகங்கள் ஓப்பல் உருண்டை போல வரிசையாக இருக்கின்றன. பச்சோந்தி பரபரப்படையும்போது அவற்றின் இடைவெளி விரிந்து, பச்சைத் தோல் மஞ்சள், ஆரஞ்சு என்று போகிறது.

கொலஸ்டெரிக் என்ற திரவப் படிக வகை இந்த வசதியைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது. இதில் குச்சிகளின் திசை, அடுக்குக்கு அடுக்கு கொஞ்சம் திரும்பித் திரும்பி, சுழல் படிக்கட்டு போல ஏறும். அரைச் சுற்று ஏறியதும் குச்சிகள் மறுபடி அதே வாக்கில் படுப்பதால், நம் சூத்திரத்தின் அடுக்கு இடைவெளி இங்கே அரைச் சுற்று. ஒரு முழுச் சுற்றின் நீளம் 350 நானோமீட்டர் என்றால், ஏறக்குறைய 535 முதல் 600 நானோமீட்டர் வரையிலான ஒளி பிரதிபலிக்கும். துளை போட வேண்டாம், உருண்டை அடுக்க வேண்டாம், நிரப்ப வேண்டாம். கலவையைச் சரியாகக் கலந்து இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்தால் ஒரு பரிமாண ஒளிப்படிகம் தானே அமைந்துவிடுகிறது. வெப்பநிலை மாறினால் சுழலின் நீளம் மாறும். நெற்றியில் ஒட்டிக் காய்ச்சல் பார்க்கும் பட்டை வேலை செய்வது இப்படி.

குழந்தைகள் கிறுக்கும் எல்சிடி ரைட்டிங் பேட் பல வீடுகளில் இருக்கும். அதற்குள் இருப்பதும் கொலஸ்டெரிக்தான். அழித்த நிலையில் சுழல்களின் அச்சுகள் ஒழுங்கில்லாமல் கலைந்து கிடக்கும், ஒளி கடந்துபோய்ப் பின்னால் உள்ள கறுப்பு தெரியும். குச்சியால் அழுத்தினால் அந்த இடத்தில் திரவம் நகர்ந்து, சுழல்கள் தகட்டுக்குச் செங்குத்தாக நிமிரும், உடனே பச்சைக் கோடு பளிச்சென்று தெரியும். இரண்டு நிலைகளுமே தாமாக நிலைத்து நிற்பதால் எழுத்தைக் காட்ட மின்சாரமே வேண்டாம். அழிக்கும் பொத்தானை அழுத்தும் அந்த நொடிக்கு மட்டும் பட்டன் பேட்டரி வேலை செய்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தப் பலகையைப் பார்க்கும்போது, மின்சாரத்தால் மாற்றக்கூடிய ஒளிப்படிகம் எப்போது சந்தைக்கு வரும் என்ற கேள்வி கொஞ்சம் தாமதமாகக் கேட்கப்படுகிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

குறை இல்லாமல் இல்லை. சுழல் வலப்பக்கம் திரும்பினால் வலச்சுழல் ஒளியை, அதாவது மின்புலம் வலப்பக்கமாகச் சுழன்று வரும் ஒளியை மட்டுமே பிரதிபலிக்கும். சாதாரண வெளிச்சத்தில் பாதிக்கு மேல் திரும்பி வராது. மேலும், மின்புலம் சுழலின் நீளத்தை மெதுவாகக் கூட்டிக் குறைப்பதை விட, அச்சைச் சாய்க்கவும் கலைக்கவும்தான் முந்துகிறது. நிறத்தைச் சீராக நகர்த்த இதுவே தடை. பலகை எழுதவும் அழிக்கவும் செய்கிறது, ஆனால் பச்சையை மஞ்சளாக்குவதில்லை.

கொலஸ்டெரிக்கில் ஒளிரும் சாயத்தைக் கரைத்துவிட்டால், பிரதிபலிக்கும் கண்ணாடிகளே இல்லாத லேசர் கிடைக்கிறது. தடைப்பட்டையின் ஓரத்தில் ஒளி மிக மெதுவாக ஊர்வதால் அங்கே லேசர் பிறக்கிறது என்று 1998இல் நியூயார்க் ஆய்வாளர்கள் தெளிவாகக் காட்டினார்கள். வெப்பத்தால் சுழலை மாற்றினால் லேசரின் நிறமும் கூடவே நகரும். சுழல்கள் முப்பரிமாணத்தில் பின்னிக்கொள்ளும் நீலநிலை என்ற இன்னொரு வகையும் உண்டு. இயல்பாக ஒன்றிரண்டு டிகிரி வெப்ப இடைவெளியில்தான் அது உயிரோடு இருக்கும். 2002இல் ஜப்பானில் ஹிரோட்சுகு கிகுச்சி குழு பாலிமர் வலை ஒன்றை உள்ளே பின்னி அந்த இடைவெளியை 60 டிகிரிக்கும் மேல் நீட்டியது.

இழைக்குள்

நெடுக்குத் துளைகள் கொண்ட கண்ணாடி இழைகள் 1990களின் நடுவில் ஃபிலிப் ரஸ்ஸல் குழுவால் உருவாயின. துளைகள் சில மைக்ரோமீட்டர் அகலம் என்பதால் நுனியைத் திரவப் படிகத்தில் தொட்டாலே நுண்புழை ஏற்றத்தால் உள்ளே ஏறிவிடும். ஏறியதும் இழையின் சுபாவமே மாறும். முன்பு நடுவிலுள்ள கண்ணாடிக்குத்தான் உயர்ந்த எண். இப்போது சுற்றியுள்ள திரவப் படிகம் அதை மிஞ்சிவிடுகிறது. எனவே சில அலைநீளப் பட்டைகள் மட்டும் நடுவில் அடைபட்டுப் பயணம் செய்யும், மற்றவை கசிந்துவிடும். 2003இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு இப்படி நிரப்பிய இழையைச் சூடாக்கி, பட்டைகளை நகர்த்தியும் ஒளியை நிறுத்தியும் காட்டியது. இங்கே துளை அகலமானது, சுவர் ஒரே திசையில் நேராக ஓடுகிறது, குச்சிகளும் அதை ஒட்டி ஒழுங்காகப் படுக்கின்றன. ஓப்பலில் இருந்த தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. இழையின் மொத்தத் தடிமன் 125 மைக்ரோமீட்டர் என்பதால் மின்சாரத்தால் இயக்க நூறு வோல்ட்டுக்கு மேல் போக வேண்டியிருப்பது மட்டும் தொந்தரவு.

அடுத்த செய்தி வரும்போது

இந்த வகைச் செய்தியைப் படிக்கையில் மூன்று விஷயங்களைத் தேடிப் பார்க்கலாம்:

1. நகர்வு எத்தனை நானோமீட்டர், அது எதனால் வந்தது? 'காற்றிலிருந்து திரவப் படிகத்துக்கு' என்ற நகர்வையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், நம் கணக்கில் வந்த 50 நானோமீட்டரைப் போல அது ஒருமுறை நடந்து முடிவது.
2. எத்தனை வோல்ட், எவ்வளவு தடிமனுக்கு? தடிமனைச் சொல்லாத வோல்ட்டுக்கு அர்த்தமில்லை.
3. எந்த வேகம்? மில்லி வினாடி என்றால் வடிகட்டி, உணரி, திரை, லேசரின் நிறத்தை அமைத்தல் ஆகியவற்றுக்குத் தாராளமாகப் போதும். மைக்ரோ வினாடி என்றால் ஒளி வலையமைப்பில் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடும் வேலைக்கும் ஆகும். கணினியின் கணக்கு வேலைக்கு இரண்டும் ஆகாது. ஒளியில் தகவலை ஏற்றும் இன்றைய சிலிக்கான் ஒளிப்பண்பேற்றிகள் மின்னூட்டங்களை நகர்த்தி, ஒரு வினாடிக்குப் பல ஆயிரம் கோடி முறை ஒளியை மாற்றுகின்றன. மூலக்கூறு உடம்போடு திரும்ப வேண்டிய திரவப் படிகம் அந்த ஓட்டத்தில் இறங்கவே முடியாது. 'ஒளிக்கணினிக்கு வழி திறந்தது' என்று தலைப்பிருந்தால், உள்ளே திரவப் படிகம் சில்லை ஒருமுறை சரியான அலைநீளத்துக்கு இசைத்து நிறுத்தும் வேலையை மட்டும் செய்கிறதா என்று பாருங்கள். அந்த வேலைக்கு அது மிகப் பொருத்தமானது.